துவாலு போக நினைக்கிறோம்: விமானம், பணம், சைவச் சாப்பாடு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மயிலை_அரவிந்த்:

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே வாசிப்பதோடு சரி, கேள்வி கேட்பது இப்போதுதான். நானும் மனைவியும் அடுத்த வருடம் துவாலு போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபிஜிக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒன்பது பவளத் தீவுகள், மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். இந்தத் தகவலெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கிறது. கடல் மட்டம் உயர்வதைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. அங்கே போனால் எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது, பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் ஒருவரும் எழுதக் காணோம்.

விசா எப்படி? சென்னையிலிருந்து எந்த வழி நல்லது? எத்தனை நாள் ஒதுக்கலாம்? மனைவி சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது, சமாளிக்க முடியுமா? யுபிஐ எல்லாம் அங்கே பலிக்காது என்று தெரியும், ஏடிஎம்மாவது உண்டா?

கோவை_கார்த்தி:

மாலத்தீவு பக்கத்திலேயே இருக்கிறது, அதே பவளத் தீவு, அதே நீலத் தண்ணீர். அதை விட்டுவிட்டு மூன்று நான்கு விமானம் மாறி உலகத்தின் மறுகோடிக்கு ஏன்? கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

மயிலை_அரவிந்த்:

மாலத்தீவு பார்த்தாயிற்று கார்த்தி. அங்கே ரிசார்ட்டைத்தான் பார்த்தோம், நாட்டை எங்கே பார்த்தோம். துவாலு மீது ஆசை வந்ததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், சின்ன வயதில் தபால்தலை சேர்த்தபோது அந்தப் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

சுவா_செல்வி:

அரவிந்த், நான் ஃபிஜியில் சுவாவில் வேலை பார்க்கிறேன், அலுவலக விஷயமாக ஃபுனாஃபுட்டி போய் வருவது உண்டு. துவாலுவின் தலைநகர் அதுதான், மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசா சுலபம். இந்திய பாஸ்போர்ட் இருந்தால் ஃபிஜிக்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டாம், நான்கு மாதம் வரை இருக்கலாம். துவாலுவில் இறங்கியதும் ஒரு மாதம் வரைக்கும் அனுமதி முத்திரை குத்துவார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவுக்குப் பணம், இது மூன்றையும் காட்டத் தயாராக இருங்கள். எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்தே கொண்டுபோங்கள், ஏனென்றால் சென்னையில் செக்-இன் கவுண்டரில் இருப்பவருக்கு துவாலு என்று ஒரு நாடு இருப்பதே புதிதாக இருக்கலாம், அவர் திரையைப் பார்த்துத் தலையைச் சொறியும்போது உங்கள் கையில் தாள் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். விதிகள் மாறும், டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். சுவாவில் உள்ள இந்தியத் தூதரகம்தான் துவாலுவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

வழி என்று பார்த்தால் சிங்கப்பூர் நல்லது. அங்கிருந்து நாடிக்கு ஃபிஜி ஏர்வேஸ் நேராகப் போகிறது. சிட்னி வழியாக டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள், ஆஸ்திரேலியாவில் விமானம் மாறுவதற்கு மட்டும்கூட நமக்கு டிரான்சிட் விசா வேண்டும். சிங்கப்பூரிலும் சென்னையிலிருந்து நாடி வரைக்கும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் போட்டுப் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வந்தால் குடியேற்றப் பகுதியைத் தாண்ட வேண்டும், அதற்குச் சிங்கப்பூர் விசா தேவைப்படும்.

அடுத்தது பலர் கவனிக்காத விஷயம். நாடி ஃபிஜித் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஃபுனாஃபுட்டி விமானம் பெரும்பாலும் கிளம்புவது கிழக்கே சுவாவிலிருந்து, அதாவது நௌசோரி விமான நிலையத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவே சாலையில் நான்கு மணி நேரம். உள்ளூர் விமானமும் உண்டு, அரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் பகலில் பேருந்தில் கடற்கரையோரமாக வருவது நல்ல பயணம்.

நௌசோரியிலிருந்து இரண்டரை மணி நேரம். சின்ன விமானம், வாரத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சேவை, அந்தத் தடத்தில் ஃபிஜி ஏர்வேஸை விட்டால் வேறு நிறுவனமும் கிடையாது. மழை, காற்று, எடை, ஏதோ ஒன்று சரியில்லை என்றால் அடுத்த விமானம் நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். அதனால் துவாலுவில் எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன் ஃபிஜியில் எத்தனை நாள் என்று கேளுங்கள். போகும்போது இரண்டு இரவு, திரும்பும்போது மூன்று இரவாவது ஃபிஜியில் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். காலையில் துவாலுவில் கிளம்பி மாலையில் நாடியில் சிங்கப்பூர் விமானம் பிடிக்கிற திட்டம் தாளில் அழகாக இருக்கும், போட்டுவிடாதீர்கள்.

நாடோடி_நடராஜ்:

செல்வி மேடம் சொல்வது சரிதான், ஆனால் கொஞ்சம் பயமுறுத்துகிறார். நான் போய் வந்திருக்கிறேன், ஒரு விமானத்தில் இறங்கி அடுத்த விமானத்தில் ஏறினேன், பிரச்சினையே இல்லை. ஃபுனாஃபுட்டியில் பார்க்க இருப்பதும் அவ்வளவுதான். ரன்வே, அரசுக் கட்டிடம், தேவாலயம், ஒரு படகுப் பயணம், முடிந்தது. மூழ்கிப்போகும் முன் பார்த்துவிட்டோம் என்ற திருப்தி, பாஸ்போர்ட்டில் ஒரு அபூர்வ முத்திரை. இரண்டு இரவு போதும்.

சுவா_செல்வி:

நடராஜ் சார், உங்களுக்கு வானிலை கைகொடுத்தது, சந்தோஷம். மற்றபடி “மூழ்கும் முன் பார்க்கணும்” என்று அங்கே போய் யாரிடமும் சொல்லாமல் இருப்பது நல்லது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி காபியைக் குடித்துக்கொண்டே “இந்த வீடு எப்போ இடியும்?” என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஓய்வு_மாலுமி:

துவாலு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் துவாலு பையன்களோடு கடலில் இருந்திருக்கிறேன். ஃபுனாஃபுட்டி பக்கத்தில் அமடுகு என்று ஒரு குட்டித் தீவு, அங்கே ஒரு கடல்சார் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அதில் படித்தவர்கள் ஜெர்மன் கம்பெனிக் கப்பல்களில் நிறைய பேர். அமைதியானவர்கள், வேலையில் சூரர்கள், சாயங்காலம் ஆனால் பாட்டு. அந்தத் தீவிலிருந்து ஒரு வீட்டில் ஒருவராவது கடலுக்குப் போயிருப்பார், அதனால் அங்கே வயதானவர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் அவருக்கு சென்னைத் துறைமுகம் தெரிந்திருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

தம்பி அரவிந்த், வெளித்தீவுகளுக்கும் போகலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். மற்ற எட்டுத் தீவுக்கும் விமானம் கிடையாது, அரசுக் கப்பல்தான். அதில் நிவாகா 3 என்ற கப்பல் ஜப்பான் கொடுத்தது. கால அட்டவணை என்று ஒன்றை ஒட்டி வைத்தாலும் கடலும் சரக்கும்தான் முடிவு செய்யும். நுகுஃபெட்டாவ் கிட்டத்தில் இருக்கிறது, நனுமேயா வடக்குக் கோடி, அங்கே இரண்டாம் உலகப் போரின் மிச்சங்கள் கரையிலேயே கிடக்கின்றன. பல தீவில் துறைமுகமே இல்லை, கப்பல் வெளியே நிற்கும், சின்னப் படகில் இறங்கி பாறைத்திட்டு வாய்க்கால் வழியாகக் கரைக்கு வர வேண்டும், அலை கொஞ்சம் பெரிதாக இருந்தால் வயிறு கலங்கும். கையில் ஒரு மாதம் இருக்கிறவர்களுக்குத்தான் அது. உங்களுக்கு ஃபுனாஃபுட்டி போதும்.

மயிலை_அரவிந்த்:

ஐயா, நன்றி. கப்பல் ஆசையை மூட்டை கட்டி வைத்தாயிற்று. எங்களுக்கு லீவு மொத்தம் இரண்டு வாரம்தான். பணம், சாப்பாடு இரண்டையும் யாராவது சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை:

பணம் என் பேட்டை. துவாலுவில் ஓடுவது ஆஸ்திரேலிய டாலர், கூடவே துவாலுவின் சொந்த நாணயங்கள் கொஞ்சம். பல வருடம் அந்த நாட்டில் ஒரு ஏடிஎம்கூட கிடையாது. 2025 ஏப்ரலில்தான் துவாலு தேசிய வங்கி முதல் ஏடிஎம்மைத் திறந்தது, பிரதமர் வந்து கேக் வெட்டும் அளவுக்குப் பெரிய விஷயமாகக் கொண்டாடினார்கள். ஆனால் முதலில் வந்தது உள்ளூர் கார்டுகளுக்குத்தான். நம் ஊர் கார்டு அதில் வேலை செய்யும் என்று நம்பி விமானம் ஏறக் கூடாது. தங்குமிடம், படகு, வண்டி வாடகை, சாப்பாடு, எல்லாவற்றுக்கும் நோட்டாகவே எடுத்துப் போங்கள், அதுவும் முழு நாட்களுக்கும் மேலே நான்கு நாள் செலவைச் சேர்த்து. விமானம் தள்ளிப்போனால் கூடுதல் அறை வாடகைக்கு அங்கே கடன் கேட்கவா முடியும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு ஒருவர் 3000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம், இருவருக்கும் சேர்த்துத் தாராளமாகப் போதும். சென்னையில் பணம் மாற்றும்போது ஐம்பது, இருபது, பத்து, ஐந்து என்று கேட்டு வாங்குங்கள், நூறு டாலர் நோட்டுக்குச் சின்னக் கடையில் சில்லறை தேடுவார்கள். ஃபிஜிக்கு ஃபிஜி டாலர் தனி, அங்கே ஏடிஎம் தாராளமாக இருக்கிறது, கவலையில்லை. பணத்தை இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை_கார்த்தி:

பிரதமர் ஏடிஎம் திறக்கிற நாடு! சரி, இப்போது எனக்கும் ஆசை வருகிறது.

சுவா_செல்வி:

சாப்பாட்டுக்கு வருகிறேன். அரவிந்த், உண்மையைச் சொன்னால் உங்கள் மனைவிக்குத் துவாலுவில் கஷ்டம்தான், ஆனால் முடியாதது இல்லை.

அங்கே மண் என்று நாம் நினைக்கிற மண்ணே கிடையாது, பவளம் உடைந்த மணல். தேங்காய், பலாக்காய் மாதிரி இருக்கும் பிரெட்ஃப்ரூட் (நம் ஊரில் சீமைப்பலா என்பார்களே, அது), வாழை, பப்பாளி, அப்புறம் குழி வெட்டி அதில் வளர்க்கிற புலகா என்ற கிழங்கு. கடல் தண்ணீர் கீழே ஊறி வருவதால் புலகாக் குழிகளில் பல வீணாகிவிட்டன. மீதி எல்லாம் கப்பலில் வருவது: அரிசி, மாவு, சர்க்கரை, டப்பா மீன், டப்பா இறைச்சி, நூடுல்ஸ். கப்பல் தாமதமானால் கடையில் வெங்காயம், உருளைக்கிழங்குகூட இருக்காது. சின்ன உணவகங்கள் இருக்கின்றன, சீனச் சமையல்தான் அதிகம், அங்கே சோறும் காய்கறியும் கேட்டால் போடுவார்கள், ஆனால் “சைவம்” என்று மொட்டையாகச் சொன்னால் கோழி இல்லாமல் மீன் வரும். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், கோழி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள்.

தைவான்காரர்கள் நடத்தும் காய்கறித் தோட்டம் ஒன்று ஃபுனாஃபுட்டியில் இருக்கிறது, ஃபடோவாகா ஃபியாஃபியா என்று பெயர். துவாலு தைவானை அங்கீகரிக்கும் வெகு சில நாடுகளில் ஒன்று, அந்த நட்பில் வந்தது. வெள்ளரி, கீரை, முட்டைக்கோஸ் மாதிரிக் காய்கள் விற்பார்கள், விற்கும் நாளில் காலையிலேயே கூட்டம் கூடிவிடும். தங்குமிடத்தில் என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பு வசதி உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சுவாவில் வாங்கிக்கொண்டு போகலாம். பருப்பு, மிளகாய்த்தூள், புளி, அவல், எல்லாம் இங்கே நம் ஊர் மாதிரியே கிடைக்கும், ஃபிஜியில் இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். ஃபிஜியின் உயிரிப் பாதுகாப்புச் சோதனை கடுமையானது, கறிவேப்பிலை, விதை, பழம், நெய், தேன் என்று எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிட வேண்டும், எழுதாமல் மறைத்து மாட்டினால் அபராதம். துவாலுவுக்குள் போகும்போதும் பொட்டலம் கட்டிய, சமைக்காத உலர்பொருள் என்றால் தொந்தரவு குறைவு, அங்கேயும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். சின்ன விமானம், எடைக் கணக்கு கறாராக இருக்கும், பெட்டி அடுத்த விமானத்தில் வருவதும் நடக்கும். மருந்து, ஒரு மாற்று உடை, இரண்டு நாள் அவல், இது கைப்பையில்.

டாக்டர்_பாரதி:

சுருக்கமாக. துவாலுவில் மலேரியா இல்லை, டெங்கு வந்து போகும், அதனால் கொசு விரட்டும் களிம்பும் முழுக்கைச் சட்டையும். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ தடுப்பூசி போடாவிட்டால் போட்டுவிடுங்கள். நாட்டில் ஒரே மருத்துவமனை, பிரின்சஸ் மார்கரெட், ஃபுனாஃபுட்டியில் இருக்கிறது. பெரிய பிரச்சினை என்றால் ஃபிஜிக்கோ அதற்கு அப்பாலோ கொண்டுபோக வேண்டும், அதற்கு மேலே சொன்ன அதே விமானம்தான். நோயாளியை அவசரமாக விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் சேர்த்த காப்பீடு எடுங்கள். அன்றாடம் சாப்பிடுகிற மாத்திரையை இரண்டு மடங்கு எடுத்து, இருவர் பையிலும் பிரித்து வையுங்கள். பவளம் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள், சீழ் பிடிக்கும். தண்ணீரில் இறங்க ரப்பர் செருப்பு அவசியம்.

மயிலை_அரவிந்த்:

அருமை. தங்குமிடம், வண்டி, தண்ணீர், உடை? நடராஜ் சார் சொன்ன படகுப் பயணம் எங்கே ஏற்பாடு செய்வது?

நாடோடி_நடராஜ்:

விருந்தினர் இல்லங்கள் சில, அரசுக்குச் சொந்தமான ஃபுனாஃபுட்டி லகூன் ஹோட்டல் ஒன்று. ரன்வேயை ஒட்டியே ஃபிலாமோனா என்று ஒரு லாட்ஜ் உண்டு, மாடியிலிருந்து விமானம் இறங்குவதைப் பார்க்கலாம். இணையத்தில் பட்டனைத் தட்டி அறை போடுகிற கதை எல்லாம் குறைவு, மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், பதில் வராவிட்டால் போன் செய்ய வேண்டும். ஏதாவது சர்வதேசக் கூட்டம் நடந்தால் ஊரில் ஒரு அறை இருக்காது, அதனால் டிக்கெட்டுக்கு முன் அறை.

ஊர் என்பது ஃபோங்காஃபாலே என்ற நீளமான தீவுத் துண்டு, சுமார் 12 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலேயே 400 மீட்டர்தான், சில இடத்தில் சாலைக்கு இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய் வாருங்கள், இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், நம் ஊர் மாதிரியே.

வரலாறு பிடிக்கும் என்றால் ஒன்று சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டி அனுப்பிய குழுக்கள் இங்கே பவளத்தைத் துளைத்துக்கொண்டே போனார்கள். எரிமலைத் தீவு மெல்ல அமிழ அமிழ அதன் விளிம்பில் பவளம் மேலே வளர்கிறது என்று டார்வின் சொன்னதைச் சோதிக்கத்தான். 1114 அடி வரை போயும் பவளச் சுண்ணாம்புதான், எரிமலைப் பாறை தட்டவில்லை. அந்தத் துளை இருந்த இடம் இன்றும் ஊருக்குள் இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் அங்கே நிற்பதே எனக்குப் பிடித்திருந்தது.

கோவை_கார்த்தி:

பார்க்க ஒன்றுமில்லை, இரண்டு இரவு போதும் என்றவர் 1114 அடி கதை சொல்கிறார் :)

சுவா_செல்வி:

அதுதான் :) அந்த ஊரில் பட்டியல் போட்டுப் பார்ப்பதற்கு நிஜமாகவே குறைவு. இருக்கிறவர்களோடு இருப்பதுதான் அங்கே வேலை, அதற்கு இரண்டு இரவு போதாது என்பது என் கட்சி. ஐந்து ஆறு நாள் இருந்தால் கடைக்காரம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

ரன்வே பற்றிச் சொல்ல வேண்டும். 1943இல் அமெரிக்கப் படை போட்ட ஓடுதளம், ஊரின் நடுவில் பெரும்பகுதி நிலத்தை அதுவே தின்றுவிட்டது. அதை நிரவ மண்ணும் பவளமும் தோண்டிய பள்ளங்கள் எழுபது வருடம் குப்பையும் உப்புத் தண்ணீருமாகக் கிடந்தன, 2015 வாக்கில்தான் நியூசிலாந்து உதவியோடு நிரப்பினார்கள். விமானம் வரும் முன் சைரன் ஊதும், ஆட்களும் வண்டியும் நாயும் விலகும். விமானம் போனதும் அது மறுபடி மைதானம். சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் ஒரு பக்கம் கால்பந்து, ஒரு பக்கம் வாலிபால், குழந்தைகள் சைக்கிள் பழகுகிறார்கள், காதலர்கள் ஸ்கூட்டரில் சுற்றுகிறார்கள். நீங்களும் போய் உட்காருங்கள், விளையாடக் கூப்பிட்டால் போங்கள். புழுக்கம் தாங்காத இரவில் பாய் விரித்து அங்கே படுப்பவர்களை மட்டும் படம் எடுக்காதீர்கள், வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

படகுக்கு ஊர் சபையைக் கேட்க வேண்டும், கௌபூலே என்று பெயர். கடற்காயலின் மேற்குப் பக்கம் ஆறு குட்டித் தீவும் அதைச் சுற்றியுள்ள கடலுமாக 33 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பகுதி, 1996 முதல் அங்கே மீன் பிடிக்கத் தடை. காலையில் போய் மாலையில் திரும்பலாம், கடல் அமைதியாக இருந்தால்தான் கிளம்புவார்கள், எனவே போய்ச் சேர்ந்த மறுநாளே கேட்டு வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். கடையே கிடையாது, குடிதண்ணீர், சாப்பாடு, தொப்பி எல்லாம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், குப்பையைத் திரும்பக் கொண்டுவரவும் வேண்டும். தெற்கே ஃபுனாஃபாலாவில் சில குடும்பங்கள் இருக்கின்றன, அங்கே போவது இன்னொரு நாள். ஊருக்குள் காயலில் குளிப்பதை நான் தவிர்ப்பேன், கழிவுநீர் கசிவு இருக்கிறது.

தண்ணீர் ரொம்ப முக்கியம். ஆறு, ஏரி, நல்ல கிணறு எதுவும் கிடையாது. கூரையில் விழும் மழைதான் தொட்டிக்குப் போகிறது. 2011இல் மழை பொய்த்து நெருக்கடி நிலையே அறிவித்தார்கள், கப்பலிலும் விமானத்திலும் உப்பு நீக்கும் எந்திரங்கள் வந்தன. சென்னைக்காரர்களுக்கு லாரித் தண்ணீர் அனுபவம் இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டாம், ஒரு வாளிக் குளியல் போதும். குடிக்கக் கொதிக்க வைத்தது. 2019 முதல் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள்.

உடை அடக்கமாக. தண்ணீரில் இறங்கும்போதும் பெண்கள் டி-சர்ட்டும் அரைக்கால்சட்டையும் போடுவதுதான் அங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், அன்றைக்கு ஊர் ஓய்ந்திருக்கும், முதல் நாளே சாப்பிட வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரார்த்தனைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள், அந்தப் பாட்டைக் கேட்கவே போகலாம். சமுதாயக் கூடத்துக்குள் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், காலை நீட்டினால் மரியாதைக் குறைவு.

நாடோடி_நடராஜ்:

சரி, ஒப்புக்கொள்கிறேன், படகும் ஞாயிறும் சேர்ந்தால் இரண்டு இரவு பற்றாது. ஆனால் மூழ்கும் விஷயத்தில் ஒரு கேள்வி. 2018இல் வந்த ஒரு ஆய்வில் துவாலுவின் 101 தீவுத் துண்டுகளை விமானப் படம், செயற்கைக்கோள் படம் வைத்து அளந்தார்கள், 1971க்கும் 2014க்கும் நடுவில் மொத்த நிலப்பரப்பு குறையவில்லை, 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு?

சுவா_செல்வி:

அந்த ஆய்வு சரிதான். அலை மணலையும் பவளத் துகளையும் கொண்டுவந்து ஒரு பக்கம் சேர்க்கிறது, இன்னொரு பக்கம் அரிக்கிறது. கூட்டிக் கழித்துப் பரப்பு கூடினால் மட்டும் வாழ முடியுமா? உயரம் கூடவில்லை. பெரிய ஓதம் வருகிற மாதங்களில் தண்ணீர் கரையைத் தாண்டி வருவது மட்டுமில்லை, காலுக்குக் கீழே தரையிலிருந்தே ஊறி வருகிறது, பவளம் முழுக்கத் துளைதானே. அதில் புலகாக் குழி உப்பாகிறது, வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது. 2015இல் பாம் புயல் நேரடியாகத் தாக்காமலே வெளித்தீவுகளை உலுக்கியது.

அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. காயல் கரையில் கடலைத் தூர்த்து 7 ஹெக்டேருக்கு மேல் புது நிலம் எழுப்பியிருக்கிறார்கள், நீங்கள் போனால் ஊருக்குள்ளேயே பார்க்கலாம், சாயங்கால நடைக்கு நல்ல இடம். ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி ஒப்பந்தம் 2024இல் அமலுக்கு வந்தது, வருடத்துக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேறலாம். போவதா இருப்பதா என்று பல வீடுகளில் பேச்சு ஓடுகிறது. அவர்களாக அதைப் பேச ஆரம்பித்தால் கேளுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள் என்றுதான் நான் முன்னாடி சொன்னது.

ஓய்வு_மாலுமி:

பாப்பா சொல்வது முழுக்கச் சரி. மாதம் பற்றி யாரும் சொல்லவில்லையே? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம், மேற்குக் காற்று, மழை. ஜனவரி முதல் மார்ச் வரை பெரிய ஓதம். மே முதல் அக்டோபர் வரை வியாபாரக் காற்று அடிக்கும், வெயில் இருந்தாலும் தாங்கலாம். அக்டோபர் 1 அவர்கள் சுதந்திர நாள், 1978. அணிவகுப்பு, ஃபாத்தேலே நடனம், எல்லாம் அந்த ரன்வேயிலேயே நடக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அறையும் விமான இருக்கையும் கிடைப்பது கஷ்டம்.

மயிலை_அரவிந்த்:

அப்படியானால் ஜூலை கடைசி என்று வைக்கிறோம். ஃபிஜியில் போகும்போது இரண்டு, வரும்போது மூன்று இரவு, துவாலுவில் ஒரு வாரத்துக்குச் சற்றுக் குறைவு, ஞாயிறு உள்ளே வருகிற மாதிரி. செல்வி அக்கா, அந்த ஐந்து இரவை ஃபிஜியில் என்ன செய்வது? கடற்கரை ஹோட்டல் வேண்டாம்.

சுவா_செல்வி:

நாடியில் பெரிய கடைத்தெருவின் கோடியில் சிவசுப்பிரமணியர் கோயில், நம் ஊர் கோபுரம், நம் ஊர் வர்ணம். ஒப்பந்தக் கூலிகளாக 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் கட்டிக் காப்பது. 1926 முதல் இயங்கும் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. பெயர் எல்லாம் முனியம்மா, சின்னசாமி என்று இருக்கும், தமிழில் பேசினால் சிரித்துவிட்டு ஃபிஜி இந்தியில் பதில் சொல்வார்கள், சில பாட்டிகளுக்குக் கொஞ்சம் தமிழ் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் சுவா ஹவல் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும், உங்கள் தேதிக்கு வாய்த்தாலும் வாய்க்கும், தேதியைக் கேட்டுச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு உங்கள் மனைவி அந்த ஐந்து நாளில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், ரொட்டி, பருப்பு, கத்தரிக்காய்க் கறி எங்கும் கிடைக்கும்.

நேர வித்தியாசம் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான், நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால். பிளக் ஆஸ்திரேலிய மாதிரி, சாய்ந்த மூன்று முள், அடாப்டர் சென்னையிலேயே வாங்குங்கள். வீட்டில் “தினமும் வீடியோ கால்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தபால்தலை_ராமு:

இவ்வளவு பேர் பேசி, அரவிந்த் சொன்ன தபால்தலையை விட்டுவிட்டீர்களே. ஃபுனாஃபுட்டியில் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது, ஒரு காலத்தில் அந்த நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்ததே அதுதான், இப்போது அந்த வேலையை துவாலுவுக்குரிய .டிவி என்ற இணைய முகவரிக் குறியீடு செய்கிறது. வேலைநாளில் காலையில் போங்கள், பழைய வெளியீடுகளைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் வீட்டு முகவரிக்கே ஒரு அஞ்சலட்டை போடுங்கள், நீங்கள் திரும்பி வந்து வெகுநாள் கழித்து வரும், வரட்டும்.

ஒரு உதவி. துவாலு ஒரு டாலர் நாணயம் ஒன்பது பக்கம் கொண்டது, ஆமை போட்டது. சில்லறையில் ஒன்று மாட்டினால் செலவு பண்ணிவிடாதீர்கள், எனக்கு எடுத்து வையுங்கள். மயிலாப்பூருக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், காபி உங்கள் செலவு.

மயிலை_அரவிந்த்:

ஒன்று கிடைத்தால் எனக்கு ராமு சார், இரண்டு கிடைத்தால் உங்களுக்கு. அறைக்கு இன்றைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பதில் வந்ததும் டிக்கெட் போடுகிறேன். கணக்குப்பிள்ளை சார், ஆஸ்திரேலிய டாலர் சின்ன நோட்டாகக் கொடுக்கிற இடம் பாரிமுனைப் பக்கம் எங்கே என்று தனிமடலில் சொல்லுங்கள்.